குற்றாலத்துப் பந்தியும் தம்பியின் ஆராய்ச்சியும்

தம்பியைப் பற்றி எழுத, படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவர் பிறந்ததிலிருந்து கூடவே இருந்து பார்த்தவன் இன்று உயிரோடு நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கூடத்தார் திருத்திக்கொள்வார்கள். விஷயத்தில் பிழை இராது.

தம்பி வீரகேரளம்புதூரில் பிறந்தார். நான் மூத்தவன், அவர் கடைக்குட்டி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. குத்தகை வயலை நம்பி இருந்த அப்பா, தம்பி நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார். நான் செங்கோட்டை ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனேன். மலையாளத்திலிருந்து மிளகும் கொப்பரையும் இறங்கும்; இங்கிருந்து அரிசியும் வைக்கோலும் ஏறும். தூக்கிய மூட்டையில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று கவனித்தேன். மற்றவர்கள் தூக்க மட்டும் செய்தார்கள். அதுதான் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தாற்போல் நிற்கும் மண்டி, பின்னால் உள்ள குடோன், வாசலில் நிற்கும் பிளஷர் கார் எல்லாம் இந்தக் கை தேடியது. யாரும் தந்ததில்லை.

தம்பிக்குப் படிப்பு வந்தது. "ஏலே, நீ படி. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு தடவைதான் சொன்னேன். சென்னையில் வைத்தியம் படித்தார், பிறகு அறுவை சிகிச்சைக்கென்று மேலும் படித்தார். அங்கேயே இருந்திருக்கலாம். தென்காசிக்கு வந்து சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி வைத்தார். "மெட்ராஸ்ல கத்தி பிடிக்க ஆள் நெறைய இருக்கு அண்ணாச்சி" என்றார். கட்டடத்துக்கு இடம் பார்த்தது நான்.

அவர் வாழ்நாள் முழுவதும் மினக்கெட்டது மலக்குடலில் வரும் புற்றுநோயோடு. இதை இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று வீட்டுப் பெண்கள் தயங்கினார்கள். எழுதாமல் தம்பியைப் பற்றி வேறு என்ன எழுதுவது? நம் பக்கத்தில் ரத்தம் போனால் மூலம் என்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மூலத்துக்கு லேகியம் சாப்பிடுவார்கள். வலி தாங்காமல் தம்பியிடம் வரும்போது முற்றிப்போயிருக்கும். விரல் விட்டுச் சோதிக்காமல் மூலம் என்று மருந்து எழுதும் வைத்தியர்களைத் தம்பிக்கு அடியோடு பிடிக்காது. அமைதியான மனிதர்; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சத்தம் போடுவார்.

இந்த நோய்க்கு அந்நாளில் இரண்டு விதமாக அறுத்தார்கள். தம்பி எனக்குச் சொல்லித் தந்தபடி எழுதுகிறேன். ஒன்று, மலக்குடலை அடியோடு எடுத்துவிட்டு, ஆசனவாயைத் தைத்து மூடி, வயிற்றில் ஒரு வாய் வைத்து அதன் வழியே மலம் கழியச் செய்வது. அதற்கு மேல் ஒரு பையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றது, நோய் உள்ள துண்டை மட்டும் நறுக்கிவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டித் தைப்பது. பின்னதில் மனிதன் பழையபடி இருப்பான். ஆனால் நோய் ரொம்பக் கீழே இருந்தால் ஒட்டித் தைப்பது சரியா என்று பெரிய டாக்டர்களுக்கே அப்போது கருத்து ஒத்துப்போகவில்லை.

கீழப்பாவூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நிலபுலன் உள்ளவர், நரசிம்மர் கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர். அவருக்கு நோய் கீழே இருந்தது. வயிற்றில் வாய் வைக்க வேண்டும் என்று தம்பி சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"டாக்டர் தம்பி, சாமி முன்னால மேல்துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு வெறும் மேலோட நிக்குத ஆளு நான். வயித்துல பையத் தொங்கவிட்டுக்கிட்டு எப்படி நிக்க? அர்ச்சகர் மூஞ்சிய எங்கன கொண்டு போயி வைப்பாரு?"

"உசுரு இருந்தாத்தான நிக்க முடியும் பெரியவரே."

"நிக்க முடியாத உசுர வச்சி என்ன செய்ய? ஒட்டித் தையும். இல்லன்னா தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிரும்."

தம்பி வேறு வழியில்லாமல் ஒட்டித் தைத்தார். காயம் நன்றாக ஆறியது. அடுத்த சீசனில் பெரியவர் குற்றாலத்துக்கு வந்து, பெரிய அருவியில் வெறும் மேலோடு நின்று குளித்தார். நானே பார்த்தேன். பிறகு வந்தவர்கள் எல்லாம் "பாவூர்க்காரருக்குச் செஞ்ச மாதிரி செய்யுங்க" என்று கேட்டார்கள். பலருக்கு அப்படியே செய்தார். ஒட்டித் தைக்க மனம் ஒப்பாமல் சிலருக்கு வயிற்றில் வாய் வைத்தார்.

இந்த இரண்டு வகையில் யார் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் தம்பியின் கேள்வி. அதற்கு விடை கண்டுபிடித்து சென்னையில் சர்ஜன்கள் கூடும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசை வைத்திருந்தார். ஆனால் அறுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தால்தானே தெரியும்? நோய் தீர்ந்தவன் ஆஸ்பத்திரிப் படியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

வழி சொன்னது நான். "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா எவன் வருவான்? குத்தாலத்துக்குக் கூப்பிடு. வரமாட்டேன்னு சொல்லுத ஒருத்தனக் காட்டு பாப்போம்." ஆனி, ஆடியில் சாரல் விழும்போது நான் ஒரு பங்களாவைப் பேசி முடிப்பேன். அறுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேருக்கும் வீட்டோடு அழைப்பு. அருவியில் குளித்துவிட்டு வருவார்கள், தம்பி பின்னறையில் வைத்து ஒவ்வொருவராகச் சோதித்துப் பார்ப்பார், பிறகு பந்தி. சொதி, இஞ்சித் துவையல், அவியல், இரண்டு பாயசம். சமையலுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஆள் கூட்டி வந்தேன். கல்யாண வீட்டில்கூட அப்படி ஒரு சாப்பாடு கிடையாது என்று சாப்பிட்டவர்களே சொன்னார்கள். வாசலில் நின்று வரவேற்பது நான், பந்தியில் நின்று விசாரிப்பதும் நான்.

வர முடியாதவர்கள் தங்கள் வீட்டுத் தம்பியையோ மைத்துனரையோ அனுப்பிவைப்பார்கள். "அண்ணன் எப்படி இருக்காக?" என்று தம்பி கேட்பார். "நல்லா இருக்காக டாக்டரய்யா, வயல்ல நடவு ஜோலி, அதான் நான் வந்தேன்" என்பார்கள். தானும் வராமல் ஆளும் அனுப்பாமல் யாருமே எட்டிப் பார்க்காத வீடுகளும் உண்டு. அவை பெரும்பாலும் வயிற்றில் வாய் வைத்தவர்களின் வீடுகள். போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சில சீசன்கள் இப்படி நடந்தன. ஒட்டித் தைத்தவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்று தம்பிக்குத் தெளிவாகிவிட்டது. மார்கழியில் சென்னைக் கூட்டம். கட்டுரையை எழுதி முடித்து இங்கிலீஷில் தட்டச்சு அடித்தும் வைத்துவிட்டார். என் தம்பி சொல்லி மெட்ராஸ் டாக்டர்கள் கேட்கப் போகிறார்கள் என்று நான் பஜார் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

ஐப்பசியில் கீழப்பாவூரில் ஒரு நோயாளியைப் பார்க்கத் தம்பி போனார். நெல் விஷயமாக எனக்கும் அங்கே ஜோலி இருந்ததால் என் காரிலேயே போனோம். திரும்பும்போது, "பெரியவர ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம் அண்ணாச்சி" என்றார். வாசலில் கார் நின்றதும் பெரியவரின் தம்பி ஓடி வந்தார். ஆடியில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். எங்களை உள்ளே விடாமல் வாசலிலேயே பேச்சுக் கொடுத்தார். தம்பி அவரைத் தாண்டி உள்ளே போனார். கூடத்தில் பெரியவரின் படம் மாலையோடு இருந்தது. வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"எப்போ?" என்றார் தம்பி.

"போன தைக்கு முந்தி" என்றார் பெரியவரின் தம்பி.

"ஆடியில வந்தீரு. நல்லா இருக்காகன்னு சொன்னீரே."

பெரியவரின் தம்பி, என் தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. எலையப் போட்டு, சொதிய ஊத்தி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு நீங்க பக்கத்துல நிக்கீக. அங்கன உக்காந்துகிட்டு சாவுச் சேதியச் சொல்லவா? கூப்பிட்டுச் சோறு போடுத மனுசங்கிட்ட, ஒம்ம கையால அறுத்த ஆளு போயிட்டாருன்னு எவன் சொல்லுவான்?"

அவர் சொன்னதில் நான் குற்றம் காணவில்லை. அழைத்த வீட்டுக்கு யாராவது ஒருவர் போயாக வேண்டும். போன இடத்தில் அமங்கலம் பேசக் கூடாது. நம் பக்கத்து முறை அது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நல்லா இருக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

தம்பி சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர் உட்காருகிற மாதிரி அது. நானும் உட்கார்ந்தேன். துஷ்டி கேட்க வந்தவரிடம் சாவு எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியது அந்த வீட்டார் கடமை. பெரியவரின் மனைவி தூணோரம் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

"போன வருசம் அருவியில குளிச்சிட்டு வந்தவக, ஐப்பசி வரைக்கும் ஒண்ணும் இல்ல. பெறவு உக்கார முடியலன்னாக."

"வலி மொதல்ல எங்கன வந்துச்சு ஆச்சி?" என்று தம்பி மெதுவாகக் கேட்டார்.

"அடியில. தச்ச எடத்துலதான். பெறவு ரத்தம். பெறவு ஒரு காலு மட்டும் வீங்கிச்சு. ஒங்ககிட்ட வரச் சொன்னேன். கேக்கல. டாக்டர் தம்பி மனசு சங்கடப்படும்னாக."

கேட்கக் கேட்க அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் எந்த வீட்டாரும் இவ்வளவு விவரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முறைப்படி தண்ணீர்கூடக் குடிக்காமல், போய் வருகிறோம் என்று சொல்லாமல் எழுந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை.

"நீ பொய் சொல்லலையே லே. அவனுவ சொன்னத எழுதுன. அப்படியே போயி வாசி" என்றேன்.

"நான் வாசிச்சா, நாளைக்கு மதுரையிலயும் மெட்ராஸ்லயும் எல்லாரும் கீழ இருக்கறதையும் ஒட்டித் தைப்பாங்க. ஆளு சாவும் அண்ணாச்சி."

"ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"ஊருக்காக ஆளக் கொல்லச் சொல்லுதீகளா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மற்ற வீடுகளையும் போய்ப் பார்க்க மறுநாள் கார் கேட்டபோது கொடுத்தேன். டிரைவரை மட்டும் அனுப்பினால் முறை தெரியாது என்று நானும் கூடப் போனேன். துஷ்டிக்குக் கிழமை பார்க்க வேண்டும். வாசலில் முதலில் யாரைக் கேட்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் டாக்டர் படிப்பில் கிடையாது. மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு அந்த மழைக்காலம் முழுவதும் தம்பியோடு வீடு வீடாக அலைந்தேன். பந்தியில் நல்லா இருக்காக என்று சொன்ன வீடுகளில் பாதிக்குமேல் படத்துக்கு மாலை கிடந்தது. அநேகமாக எல்லாரும் ஒட்டித் தைத்தவர்கள், நோய் கீழே இருந்தவர்கள். வலி தொடங்கிய இடமும் ஒன்றுதான்.

யாருமே எட்டிப் பார்க்காத வீடுகளுக்கும் போனோம். செங்கோட்டையில் வயிற்றில் வாய் வைத்த ஒரு மரக்கடைக்காரர். முறைப்படி மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டு உள்ளே போனோம். அவரே எதிரில் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, யாருக்கு துஷ்டி?"

நான் தம்பி பக்கம் திரும்பினேன். தம்பிதான், "உங்களுக்குத்தான்" என்றார்.

"எனக்கா! ஏட்டி, இங்கன வா, எனக்கு துஷ்டி கேக்க வந்திருக்காக, வந்து அழு!" என்று உள்ளே பார்த்துக் கூவிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. அவர் மனைவி எங்களைத் திட்டிக்கொண்டே சாயா போட்டுக் கொடுத்தாள்.

"பெறவு ஏன்வே சீசனுக்கு வரல? சோறு பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்டீரு. ஊரே பாக்க அருவியில சட்டையக் கழத்தி நிக்கச் சொல்லுதீரு. இத வச்சிக்கிட்டு எப்படி வருவேன்?" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு முழுதும் விளங்கியது. வந்து சாப்பிட்ட வீடுகளில் ஆள் இல்லை. வராத வீடுகளில் ஆள் இருந்தது. வயிற்றில் வாய் வைத்தவர்களில் பலரும் வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துகொண்டு, கடை பார்த்துக்கொண்டு, மகளுக்குக் கல்யாணம் செய்துகொண்டு இருந்தார்கள்.

தம்பி கட்டுரையைத் திரும்ப எழுதினார். மார்கழியில் சென்னைக்கு நானும் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, முகம் தெரியும். யாபாரத்தில் முகம் படித்தே பிழைத்தவன் நான். வாசித்து முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. இரண்டு பெரிய டாக்டர்கள் எழுந்து கடுமையாகப் பேசினார்கள். தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கூட்டம் கலையும்போது எந்த ஊர் என்று தெரியவில்லை, ஒரு டாக்டர் தம்பியைத் தனியாக அழைத்துப் போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ரயிலில், "ஒருத்தனும் கைதட்டலையே லே" என்றேன்.

"கைதட்டுத விஷயமா அண்ணாச்சி? எத்தன பேரு செத்தாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"கடைசியில ஒருத்தர் என்ன கேட்டாரு?"

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டாரு. அவரும் அவர் ஊர்ல வீடு வீடாப் போகப் போறாராம்."

அது போதும் என்பதுபோல் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆனியில் பங்களா பேசப் போனபோது, "இந்த வருஷம் சாப்பாடு வேண்டாம்" என்றார் தம்பி. சோறு போட்டால் உண்மை வராது என்பது அவர் கட்சி. சோறு போடாமல் ஒருவரைக் கூப்பிடுவது எனக்குத் தெரியாத வேலை. "தென்காசியில என் மூஞ்சியில எவன் முழிப்பான்?" என்று சத்தம் போட்டேன். தம்பி மசியவில்லை. அந்தச் சீசன் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றேன். சுக்குக் காப்பி மட்டும் இருந்தது.

கீழப்பாவூர்ப் பெரியவரின் மனைவி வந்தார். அவரைப் போல வேறு பெண்களும் வந்தார்கள். பந்தி என்றால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். தாலி இழந்தவர்களை முன்னே வைத்துப் பந்தி போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. பந்தி இல்லாததால் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பின்னறைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னார்கள். வயிற்றில் வாய் வைத்தவர்களும் வந்தார்கள், மரக்கடைக்காரர் சட்டையோடேயே அருவியில் நின்றார். அந்த வருஷத்தோடு எங்கள் பேச்சும் திரும்ப வந்துவிட்டது. யார் முதலில் பேசினார்கள் என்று நினைவில்லை.

அதன்பிறகு நோய் கீழே இருந்தால் தம்பி ஒட்டித் தைக்க மறுத்துவிட்டார். பலர் எழுந்து வேறு ஊருக்குப் போனார்கள், வைதுவிட்டும் போனார்கள். ஆஸ்பத்திரி பெரிதாகவில்லை. நோய் மேலே இருந்தவர்களுக்கு முன்போலவே ஒட்டித் தைத்தார். வருஷந்தோறும் மழைக்காலத்தில் துஷ்டி கேட்கப் போவதை மட்டும் விடவில்லை. சென்னைக்கு இன்னும் சில தடவை போய் வாசித்தார். கடைசித் தடவை கைதட்டினார்களாம். அன்று நான் போகவில்லை.

சென்ற ஆடியில் ஓர் ஆபரேஷனில் தையல் முடித்துவிட்டு, கை கழுவும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது தோளிலும் வலி இருந்தது. வியர்த்துக் கொட்டியது. கொஞ்சம் தேறினார், எழுந்து உட்கார்ந்து, அன்று அறுத்த நோயாளி எப்படி இருக்கிறான் என்று கேட்டார். மூன்றாம் நாள் விடியற்காலம் மூச்சு வாங்கியது. என் கையில்தான் தலை இருந்தது. இவ்வளவு விவரமாக எழுதுவது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். துஷ்டி கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் இப்படித்தான் சொன்னேன். தம்பியிடம் மற்றவர்கள் சொன்னதுபோல் நானும் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா.

துஷ்டி வீட்டில் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அதனால் இந்த மலரில் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்து மயக்க மருந்து கொடுத்த டாக்டருக்கும், தம்பியின் நர்சுகளுக்கும், தன் புருஷனைப் பாதி நாள் ஆஸ்பத்திரிக்கும் மீதி நாள் துஷ்டி வீடுகளுக்கும் விட்டுக்கொடுத்த தம்பி மனைவிக்கும் நன்றி. எல்லாருக்கும் மேலாக, தங்கள் வீட்டு மனிதர் எப்படி இறந்தார் என்பதை, அறுத்த டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பெண்களுக்கு நன்றி. அவர்கள் பெயர்களை இங்கே போட முறை இல்லை. அவர்கள் சொன்னதால்தான் அதன்பின் வந்தவர்களில் பலர் பிழைத்தார்கள்.

இன்று தம்பிக்கு வருஷாப்திகம், போய் ஒரு வருஷம். சாப்பாடு உண்டு; என் கையால் அதை நிறுத்த முடியாது. பெண்களில் யாரையும் பந்திக்குப் பின்னால் நிறுத்துவதும் இந்த வீட்டில் இனி கிடையாது. ஆனால் முன்னறையில் தம்பியிடம் வேலை பார்த்த இளம் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். போன வருஷத்துக்குப் பிறகு உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எங்கே வலி தொடங்கியது என்பதை முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு பந்திக்கு வந்து உட்காருங்கள்.